கெட்ட செய்தி முதலில்

2023 ஜூன் 11, ஞாயிறு

மாலை 4.20. நகோயா விமான நிலையம். பையில் விசிட்டிங் கார்டு அறுபது.

கார்டை எண்ணிக் கொடுத்தவர் தண்டபாணி அண்ணா, எங்கள் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர். "அஞ்சு நாளைக்கு அறுவது. மிச்சம் வந்துதுன்னா நீ வாயத் தொறக்கலைன்னு அர்த்தம்" என்றார். பயண அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று எம்.டி. சொல்லியிருக்கிறார். அதற்கான குறிப்பு இது. வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வந்த வேலை: கோயம்புத்தூரில் நாங்கள் வார்க்கும் அலுமினியப் பம்ப் ஹவுசிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, ஹமமட்சு என்ற ஊரில் இருக்கும் ஒரு கம்பெனி வாங்குமா, வாங்காதா. வெள்ளிக்கிழமை கையெழுத்து. வாங்கினால் புது ஷெட், புது மிஷின், நாற்பது பேருக்கு வேலை. பகலில் அவர்கள் கேள்வி கேட்பார்கள், வார்ப்பைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் நான் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் சாப்பாடு போடுவார்கள், தண்டபாணி அண்ணா சிரிக்க வேண்டும். பகல் வேலைக்கு வீடியோ கால் போதும். சாயங்கால வேலை எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "கூட உக்காந்து சாப்புடாதவன்கிட்ட எவனும் சரக்கு வாங்க மாட்டான் தம்பி" என்றார்.

அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிறார். நுரையீரல். இருபத்தெட்டு வருடம் பவுண்டரியில் மண் அச்சு அடித்தவர். பத்து நாளாக ஆக்சிஜன் மாஸ்க். கிளம்பும் முன் போய்ச் சொன்னேன். பேச முடியாது, கையை ஆட்டினார். போ என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் "ஸ்டேபிள்" என்றார். அக்கா கோகிலா தினமும் சாயங்காலம் மானிட்டரைப் படம் பிடித்து அனுப்புகிறாள். இன்று ஆக்சிஜன் 90.

இந்தப் பத்தி அறிக்கைக்குத் தேவையில்லை. வெட்ட வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

ஹமமட்சு. மழை. ஹோட்டல் அறை எங்கள் வீட்டு பைக் ஷெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. கழிப்பறை இருக்கை சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அதை அணைக்கிற பட்டன் எதுவென்று தெரியவில்லை.

காலையில் அறிமுகம். ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். கார்டை இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, வாங்கியதை நின்று படித்து, உட்கார்ந்த பிறகு ஆட்கள் இருக்கும் வரிசையிலேயே மேஜைமேல் அடுக்க வேண்டும். யார் யாரென்று மறந்துவிடுமே என்று ஒரு கார்டின் மேல் பேனாவால் 'கண்ணாடி, குவாலிட்டி' என்று எழுதினேன். தண்டபாணி அண்ணா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

வெளியே வந்ததும், "அந்தாள் மூஞ்சி மேலயே எழுதறாப்பல அது" என்றார்.

"தமிழ்லதானுங்ணா எழுதுனேன்."

"உன்ற தலையில எழுதுனான் பாரு, அவனச் சொல்லோணும். டைய இறுக்கிக் கட்டு மொதல்ல."

அந்தக் கண்ணாடிக்காரர் பெயர் சுகியுரா. தரப் பிரிவின் தலைவர். ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். ஆங்கிலம் புரியும், பேச மாட்டார். அவருக்காக ஆங்கிலத்தில் பேசுபவர் காத்தோ என்ற பெண். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் "சாப்டீங்களா?" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த தமிழ் "நாளைக்கு", "ஆயிடும் சார்" இரண்டும்தான். அங்கே அதிகம் கேட்டது அதைத்தானாம்.

ஏழு மணிக்கு விருந்து, ஸ்டேஷன் பக்கம் சின்னக் கடையில். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு அனுப்பியிருந்தார்கள். தண்டபாணி அண்ணா மாட்டுக்கறி என்று எழுதினார். நான் 'எல்லாம் சாப்பிடுவேன்' என்பதில் டிக் அடித்தேன். அடித்தபடியே சாப்பிட்டேன். ஆக்டோபஸ் சைக்கிள் டியூப் மாதிரி. கோழித் தோலைக் குச்சியில் கோத்துச் சுட்டது நன்றாக இருந்தது. வாங்கி வாங்கித் தின்றேன். "கோழிக்குப் போட்டிருக்கற சட்டையக்கூட விட்டு வெக்க மாட்டியாடா" என்றார் தண்டபாணி அண்ணா. நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, காத்தோ மொழிபெயர்க்க, சுகியுரா முதல் முறையாகச் சிரித்தார்.

இங்கே யாரும் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் ஊற்ற வேண்டும், நமக்கு அவர் ஊற்றுவார். கிளாஸ் காலியானால் இன்னும் வேண்டும் என்று பொருள். நான் குடிப்பதில்லை, டீ. ஊற்றியதை மிச்சம் வைக்கக் கூடாதென்று நான் காலி செய்துகொண்டே இருந்தேன். அவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். வயிறு தண்ணீர் லாரி மாதிரி ஆன பிறகுதான் காத்தோ சொன்னார், போதும் என்றால் கிளாஸை நிறைய வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஒரு தப்பு நடந்தது. தண்டபாணி அண்ணா ரொம்ப நேரம் போராடி, கடைசியில் சாப்பிடும் குச்சியால் ஒரு இறாலைத் தூக்கிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் "இந்தாடா, புடி" என்று என் பக்கம் நீட்டினார். நானும் என் குச்சியாலேயே பிடித்தேன். ஒரு இறால், இரண்டு ஜோடிக் குச்சி. சுகியுரா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். காத்தோ சட்டென்று ஒரு தட்டை எடுத்து இறாலுக்குக் கீழே பிடித்தார். "இதில் போட்டுவிடுங்கள், ப்ளீஸ்."

குச்சிக்குக் குச்சி எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாதாம். இறந்தவரை எரித்த பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்களாம். வீட்டு ஆட்கள் இரண்டிரண்டு பேராக நின்று, ஒரே எலும்பை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துப் பானையில் போடுவார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். இல்லையென்றால் பானைக்குள் ஆள் தலைகீழாக இருப்பார். ஏன் இரண்டு பேர் என்று கேட்டேன். காத்தோ சுகியுராவிடம் விசாரித்துச் சொன்னார்: "ஒருத்தரே தூக்கக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்வார்களாம். காரணம் அவருக்கும் தெரியாது."

அக்கா அனுப்பியது: 88.

ஜூன் 13, செவ்வாய்

ஃபேக்டரி சுற்றிக் காட்டினார்கள். சோதனைப் பிரிவின் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வாசகம் மாட்டியிருந்தது. காத்தோவிடம் கேட்டேன். 'கெட்ட செய்தி முதலில்.' எங்காவது தப்பு நடந்தால் வேறு எதையும் சொல்வதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். நல்ல செய்தி காத்திருக்கலாம். சரியான விதி. எங்கள் கம்பெனியில் நேர்மாறு.

உதாரணம். வார்க்கும்போது உலோகத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். காற்றை அழுத்திப் பார்க்கும் லீக் டெஸ்டில்தான் அது தெரியும். எங்கள் ஹவுசிங்கில் நூற்றுக்கு நாலு அந்த டெஸ்டில் தேறுவதில்லை. எம்.டி. கொடுத்தனுப்பிய ஸ்லைடில் நூற்றுக்கு ஒன்று என்று இருக்கிறது. "ஆர்டர் வரட்டும், சரி பண்ணிக்கலாம்" என்றார். சுகியுரா இன்று அந்த ஸ்லைடில் வெகுநேரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் நூடுல்ஸ் கடை. உறிஞ்சிச் சாப்பிட வேண்டும், சத்தம் வர வேண்டும். தண்டபாணி அண்ணா பிரமாதமாகச் செய்தார். "ஊட்டுல இப்பிடிச் சாப்ட்டா உங்கக்கா கரண்டியில போடுவா" என்றார். அவர் மனைவியை எனக்கு அக்கா என்றுதான் சொல்வார்.

என் அக்கா அனுப்பியது: 84. கீழே, 'நீ இருந்தா தேவலையாட்ட இருக்கு.'

'டாக்டர் என்ன சொல்றார்?' என்று கேட்டேன்.

'ஸ்டேபிள்ங்கறார்.'

'அப்ப சரி' என்று அனுப்பினேன்.

ஜூன் 14, புதன்

காலை 6.20க்கு அக்கா போன். அங்கே பொழுது விடியவில்லை.

"போயிட்டாருடா."

"எப்ப?"

"இப்பத்தான். கால் மணி நேரம் ஆச்சு."

"சரி."

"என்னடா சரிங்கற?" பின்னால் யாரோ நர்ஸ் அவளிடம் ஏதோ கேட்டாள். அவள் "அந்தப் பையிலதானுங்க இருக்குது" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். "எப்ப வர்ற?"

"சனிக்கிழமை."

"அதுவரைக்கும் வெக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில எடுக்கோணுங்கறாரு பெரியப்பா. இன்னைக்கே கிளம்புனா வந்தரலாமில்ல?"

"பாக்கறேன்."

பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு ஒன்று இருந்தது. பாங்காக் வழியாகச் சென்னை, விடியும் முன் கோவை. சீட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பல் தேய்த்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மூடினேன். இன்றும் நாளையும் வார்ப்பு அச்சைப் பற்றிக் கேட்பார்கள். பதில் சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது. இது உண்மை.

திரும்ப அக்காவைக் கூப்பிட்டேன்.

"வர முடியாது. நீயே வெச்சுரு."

"எதை?"

"கொள்ளி."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"பொம்பளைக மயானத்துக்கே வரப்படாதுங்கற ஆளுக அவிய" என்றாள்.

"நீ யாரையும் கேக்காத. வெச்சுரு."

"நீ சொல்லீட்ட. அவிய முன்னால நிக்கப்போறது நானு."

வைத்துவிட்டாள்.

ரேசரை எடுத்தேன். திரும்பப் பையில் போட்டேன். எங்கள் வீட்டில் காரியம் முடியும் வரை சவரம் கிடையாது, கறி, மீன், முட்டை கிடையாது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு மீட்டிங். கேட்டார்கள், சொன்னேன். எல்லாம் நன்றாகப் போயிற்று.

மதியம் எல்லோருக்கும் பெட்டிச் சாப்பாடு வந்தது. பொரித்த கோழி, முட்டை, சோயாப் பாலைக் கட்டியாக்கிச் செய்த டோஃபு, சோறு, ஊறுகாய். சோற்றையும் டோஃபுவையும் ஊறுகாயையும் தின்றேன். தண்டபாணி அண்ணா என் பெட்டியைப் பார்த்தார். 'வயிறு சரியில்லை' என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. தன் டோஃபுவை எடுத்து என் பெட்டியில் வைத்தார். "எனக்கு இது புடிக்கறதில்ல" என்றார். நேற்று அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

சாயங்காலம் விருந்து இல்லை. மூலைக்கடையில் சோற்று உருண்டை வாங்கினேன். உள்ளே என்ன இருக்கும் என்று படிக்கத் தெரியாமல் நாலு வாங்கி, அறையில் பிரித்துப் பார்த்து, மீன் இருந்த மூன்றை ஒதுக்கி வைத்தேன்.

ஏழரைக்குப் போனைப் பார்த்தேன். அந்த நேரத்துக்குத்தான் எண் வரும். இன்று வராது என்று தெரியும். எட்டு வரை பார்த்தேன்.

ஜூன் 15, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டிபன் சாப்பிடும் இடத்தில் தண்டபாணி அண்ணா என் தாடியைப் பார்த்தார். திங்கட்கிழமை டை முடிச்சு தளர்ந்திருந்ததற்குத் திட்டியவர். இந்த வாரத்தின் பெரிய விருந்து இன்றுதான், இரண்டு நாள் தாடியோடு நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மழை நிக்காது போலிருக்குது" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்கும் சேதி வந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அங்கே காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். இங்கே மதியம் ஒன்றரை. அந்த நேரத்தில் நான் போர்டில் படம் போட்டு, உலோகம் உள்ளே போகும் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் சரியாக வந்தது. கடிகாரத்தை ஒரு முறைதான் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு வரி. 'வெச்சுட்டேன்.' நான் கட்டை விரல் படம் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அதை அனுப்பியிருக்கக் கூடாது. அழிக்கவும் இல்லை.

சாயங்காலம் ஆறரைக்கு விருந்து. இந்த ஊர் விலாங்கு மீனுக்குப் பேர் போனது. சுகியுரா இரண்டு வாரத்துக்கு முன்பே இடம் சொல்லி வைத்திருந்தாராம். பழைய மரக் கடை, ஒரே தனி அறை, நாங்கள் நாலு பேர். ஆளுக்கொரு கறுப்புப் பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் சோற்றின் மேல் விலாங்கு, குழம்பு பூசிக் கரி நெருப்பில் வாட்டியது. புகை வாசனை வந்தது. மூடியைத் திரும்ப மூடினேன்.

"உங்களுக்குப் பிடிக்காதா?" என்று கேட்டார் காத்தோ. "எல்லாம் சாப்பிடுவேன் என்று எழுதியிருந்தீர்களே."

"இன்று முடியாது."

தண்டபாணி அண்ணா முந்திக்கொண்டார். "வயிறு. நேத்துலருந்து பையனுக்கு வயிறு சரியில்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். தன் வயிற்றையே தடவிக் காட்டினார். என் வயிற்றைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சுகியுரா குச்சியைக் கீழே வைத்தார். காத்தோவிடம் மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். காத்தோ என் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்க வேண்டும். இது சொந்த விஷயம், விருப்பமில்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை நீங்கள் கோழியை அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டீர்கள். நேற்று மதியம் கோழியை ஒதுக்கினீர்கள், முட்டையையும். சவரமும் செய்யவில்லை. அவருடைய அம்மா இறந்தபோது அவர் வீட்டிலும் ஏழு வாரம் மீனோ கறியோ தொடவில்லையாம். உங்கள் வீட்டில் யாருக்காவது...?"

கேட்டுவிட்டார்.

"அப்பா. நேற்று காலை."

காத்தோ அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. சுகியுரா உட்கார்ந்தபடியே தரைவரை குனிந்தார். நிமிர்ந்ததும் அடுத்த கேள்வி. எரித்தாகிவிட்டதா?

"இன்று. ஒன்றரை மணிக்கு, உங்கள் நேரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றரை மணிக்கு நான் எங்கே நின்றேன் என்பது அவருக்குத் தெரியும். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்டபாணி அண்ணாவைப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமா?"

தண்டபாணி அண்ணாவின் சிரிப்பு உடனே போகவில்லை. ஸ்விட்சை நிறுத்திய பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றுமே, அப்படி இருந்தது. "நாங்கள் உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நினைத்தோம்" என்றார். 'நாங்கள்' என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையும் நினைக்கவில்லை. தனித்தனியாகத்தான் நினைத்தோம். முடிவு மட்டும் ஒன்று.

சுகியுரா அதற்குப் பிறகு காத்தோவை எதிர்பார்க்கவில்லை. அவரே, உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இதையே இரண்டு நாள் மறைத்துச் சிரிக்க உங்களால் முடிகிறது. வேறு என்ன மறைத்திருக்கிறீர்கள்?"

அண்ணாவைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

மேஜைக்கு அடியில் தண்டபாணி அண்ணாவின் கால் என் காலின் மேல் வந்தது. மிதிக்கவில்லை. சும்மா வைத்தார். புது ஷெட்டும் நாற்பது பேரும் நினைவுக்கு வந்தார்கள். அதில் எட்டுப் பேர் எங்கள் தெருவிலிருந்தே வருவார்கள் என்று எனக்குத் தெரியும், பெயர்கூடத் தெரியும்.

"லீக் டெஸ்ட்" என்றேன். "ஸ்லைடில் இருப்பது நூற்றுக்கு ஒன்று. உண்மை நூற்றுக்கு நாலு. மழைக்காலத்தில் அதற்கும் மேல். காரணம் பாதி தெரியும், பாதி தெரியாது."

கால் விலகியது.

சுகியுரா தலையை ஆட்டினார். கோபமா, முடிந்ததா என்று அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நாலு பெட்டியும் உள்ளே போயின. திரும்ப வெறும் சோறு, டோஃபு, கத்தரிக்காய், ஊறுகாய் வந்தன, நாலு பேருக்கும். வேண்டாம், நீங்கள் மீன் சாப்பிடுங்கள் என்றேன். காத்தோ "சாப்டீங்களா" என்று ஆரம்பித்து, அந்த இடத்துக்கு அது பொருந்தாது என்று தெரிந்து நிறுத்திவிட்டு, "சாப்பிடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுகியுரா என் கிளாஸில் டீ ஊற்றினார். நான் குடிக்கவில்லை. நிறைய வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு யாரும் ஊற்றவில்லை.

நானும் தண்டபாணி அண்ணாவும் ஹோட்டலுக்கு நடந்தே வந்தோம். ஒரே குடை. அதை என் பக்கமே சாய்த்துப் பிடித்ததில் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"எப்பத் தெரிஞ்சுதுங்ணா?" என்றேன்.

"நேத்து மத்தியானம். எம்.டி. கூப்ட்டாரு. நம்ம வாட்ச்மேன் உங்க தெருவாம், அவன் சொல்லியிருக்கான். 'அவனா சொல்லலைன்னா நீயும் கேக்காத, வெள்ளிக்கெழம முடியட்டும்'னாரு."

"நீங்களும் கேக்கல."

"நீயும் சொல்லலையேடா." குடையை மறு கைக்கு மாற்றினார். "எங்கய்யா செத்தப்ப நான் ராஜ்கோட்டுல ஒரு ஆர்டர் புடிச்சுட்டு இருந்தேன். மூணாம் நாள்தான் போனேன்."

"ஆர்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் வேறவனுக்குப் போயிருச்சு."

ஹோட்டல் வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "நாலுன்னு சொன்னியே, அத மூணுன்னாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார். சொல்லிவிட்டு என் முதுகில் கையை வைத்தார். லிஃப்ட் வரும் வரை எடுக்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

காலை ஆறு மணிக்கு ரிசெப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கீழே போனேன். சுகியுராவும் காத்தோவும் நின்றார்கள். சுகியுரா துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு டை கட்டியிருந்தார். ரொம்ப நேரம் குனிந்து நின்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர வேண்டும் என்று தெரியாததால் கழுத்து வலித்தது.

காத்தோ சொன்னது: இன்று கையெழுத்து இல்லை. நான் மதியம் வரை இருக்க வேண்டியதில்லை, முதல் விமானத்தில் போகலாம், டிக்கெட்டை அவர்களே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேறாமல் போனவற்றின் உண்மையான எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். தேறாமல் போனதில் இரண்டை அறுத்து, உள்ளே தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைகிறதா என்று செப்டம்பரில் சுகியுராவே கோயம்புத்தூர் வந்து பார்ப்பார். குறைந்திருந்தால் அப்போது கையெழுத்து. குறையாவிட்டால் இல்லை.

"நியாயம்" என்றேன்.

சுகியுரா இன்னொன்று கேட்கச் சொன்னாராம். செப்டம்பரில் அவர் வந்தால் என்ன சாப்பிடக் கொடுப்பேன்?

"கோழி" என்றேன். "அப்போது சாப்பிடலாம்."

காத்தோ வாசல் வரை வந்தார். "நாளைக்கு" என்று தமிழில் சொன்னார். "ஆயிடும் சார்." அவருக்குத் தெரிந்த மிச்சத் தமிழ் முழுவதும் அதில் வந்துவிட்டது. நான் "போயிட்டு வரேன்" என்றேன். அது அவருக்குப் புரியவில்லை.

தண்டபாணி அண்ணா சாயங்கால விமானத்தில் வருகிறார். இன்று முழுக்க எம்.டி.யிடம் திட்டு வாங்குவார். "பையன் ஒண்ணும் பண்ணல, நாந்தான் ஒளறீட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றார். வேண்டாம் என்றேன். "உன்னக் கேட்டனா?" என்றார்.

இப்போது நகோயா விமான நிலையம். கார்டு முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது.

அக்காவிடம் பேசினேன். மயானத்தில் பெரியப்பா கடைசி வரை முகம் கொடுக்கவில்லையாம். "போகட்டும்" என்றாள். எலும்பு இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று எல்லோரும் நிற்கிறார்களாம். நாளைக்கு ஆகாது, சனிக்கிழமை. "ஞாயித்துக்கெழமதான் எடுப்பேன், என் தம்பி வரணும்னு சொல்லீட்டேன். கொள்ளி வெச்சவ நானு, எப்ப எடுக்கறதுன்னு நாந்தான் சொல்லுவேன்னு சொன்னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றாள். பிறகு, "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். டோஃபு என்றேன். அது என்ன என்றாள். விளக்கிச் சொன்னேன். நீளமாகவே சொன்னேன். அவள் நடுவில் நிறுத்தவில்லை.

புதன்கிழமை அந்த டிக்கெட் பக்கத்தை ஏன் மூடினேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மீட்டிங் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் வரவில்லை. போ என்று நான் எடுத்துக்கொண்ட அப்பாவின் கையசைப்பை மட்டும் நினைத்துப் பார்த்தேன். விரல்கள் முன்னால் போய்ப் பின்னால் வந்தன. அல்லது பின்னால் போய் முன்னால் வந்தன. மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

இந்தக் குறிப்பில் எதையும் வெட்டப் போவதில்லை. எம்.டி.க்குத் தனியாக ஒன்று எழுதித் தருகிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பாங்காக்கில் இறங்கியதும் அக்காவைக் கூப்பிடுவது. அவள் பேசும் வரை வைக்கக் கூடாது.

2. எம்.டி.க்கு மின்னஞ்சல். மறைத்த எண்ணைச் சொன்னது நான், தண்டபாணி அண்ணா அல்ல. இதை முதல் வரியில் எழுத வேண்டும்.

3. திங்கட்கிழமை காலை, தேறாத ஹவுசிங் இரண்டை அறுத்துப் படம் எடுத்து சுகியுராவுக்கு அனுப்புவது. காரியம் முடியவில்லை என்று யாராவது சொன்னாலும் அனுப்புவது.

4. அப்பாவின் கண்ணாடியும் செருப்பும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கின்றன. போய் வாங்க வேண்டும்.

5. பெரியப்பா வீட்டுக்குப் போய், அக்காவைக் கொள்ளி வைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்வது.

6. ஞாயிறு காலை, மயானம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு எலும்பையும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து எடுப்பது. காலில் தொடங்க வேண்டும்.